மறுபதிவு

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் மத்தியான வெயில் திரை இடுக்கு வழியாகக் கிதார் மேல் விழுகிறது. பழைய ஆல்பங்களெல்லாம் இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டதால், கன்ட்ரி எனும் நாட்டுப்புற இசைப் பாடகர் வெர்லன் எழுபது வயதுக்குமேல் அதே பாட்டுகளைத் தனக்கென்று திரும்பப் பாடிப் பதிகிறார். உச்ச வரியில் குரல் மறுபடியும் உடைகிறது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்து மைக்கில் நேடின். எப்போதோ விவாகரத்தான மனைவி, அந்த ஆல்பங்களில் அவருக்குத் துணைக்குரல் பாடியவள். "தொண்டைய ஏன் கிழிச்சுக்குற? அந்த வரிய நான் எடுத்துக்குறேன், நீ கீழ் சுதியில கூடப் பாடு." "பாட்டு என்னோடது, நேடின்." "பாட்டு உன்னோடதுதான். குரல் எங்க?" சிரிக்கப் பார்க்கிறார், இருமல்தான் வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒலிப்பதிவாளரிடம், "அவ குரலத் தூக்கி வை, என்னுதக் குறைச்சுடுப்பா" என்கிறார். பிடில் தொடங்குகிறது. அந்த வரி வந்ததும் கண்ணை மூடி அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறார், தன் பங்கைப் பாடாமல். யாரும் பதிவை நிறுத்தவில்லை.