படித்தேன், கையெழுத்திட்டேன்

ஓசூர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்பு மேனேஜர் பூபதி, ஆடிட்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க பாதுகாப்பு விதி பூரா சர்வர்ல இருக்குதுங்க சார். நானூறு பேரும் மாசாமாசம் படிச்சுட்டுத்தான் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறாங்க. ஸ்வாதி, அந்த ஃபைலைத் திறந்து காட்டும்மா."

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் ஸ்வாதி தேடினாள். ஃபைல் இல்லை.

"அழிச்சுட்டியா?" பூபதி எகிறினார். "நாளையிலிருந்து நீ வேலைக்கே வர வேணாம்!"

ஸ்வாதி திரையிலிருந்து திரும்பினாள்.

"நான் தொடவே இல்லைங்க சார். இடம் பத்தலைன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு வருஷமா யாருமே திறக்காத ஃபைலை சர்வரே தனியா ஒதுக்கி வைக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கேன்."

மாதந்தோறும் தானும் கையெழுத்துப் போட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பரவால்லைம்மா, எனக்கு நேரமாச்சு," என்று ஆடிட்டர் அவசரமாக எழுந்தார்.

"ஒரே நிமிஷம் சார்." வேலை போய்விடுமே என்ற பயத்தில், 'பாதுகாப்பு விதி' என்ற பெயரில் ஒதுக்கி வைத்திருந்த ஃபைலை அவள் தேடிப் பிடித்துத் திறந்தாள்.

திரையில் பிள்ளையார் சிரித்தார். அவருக்குக் கீழே, மூன்று வருடத்துக்கு முன் ஓசூரை அடுத்த தளியில் பூபதி கட்டிய வீட்டின் கிரகப்பிரவேச அழைப்பிதழ்.

மேசைமேல் ரிஜிஸ்டர் விரிந்து கிடந்தது. போன வருடம் இதே ஆடிட்டர் அதில் பச்சை மையில் எழுதியிருந்தார்:

"முழுவதும் படித்தேன். மற்ற தொழிற்சாலைகளும் இதையே பின்பற்றலாம்."