பர்னரின் கண்

பர்னரைச் சோதிக்க தானா ராத்தா டவுனிலிருந்து வந்த மகேன், பொத்தானைத் தொட்ட விரலை அழுத்தாமல் நிற்கிறான். தேயிலை ஆலையின் பாய்லர் அறையெங்கும் டீசல் வாடை. “மாமா, நான் வர்றதுக்குள்ள இந்தப் பொத்தானத் தட்டிப் பார்த்தீங்களா?” பாய்லர்காரர் ரெங்கசாமி கையிலிருக்கும் டார்ச்சைப் பார்க்கிறார். “தட்டத் தட்ட நின்னு போச்சுடா. பர்னர் கண்ணுல டார்ச் அடிச்சேன், ஓடுச்சு. மேல சூடு இல்லாம கொழுந்து காயாமப் புளிக்குது, துரை கத்துறாரு லா.” உள்ளே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கண் அது. டார்ச் வெளிச்சத்தை நெருப்பென்று நம்பி, பற்றாத எண்ணெயை உள்ளே பீய்ச்சவிட்டிருக்கிறது. “இப்ப அமுக்கியிருந்தா நம்ம ரெண்டு பேரையும் வழிச்சுத்தான் எடுக்கணும்.” மகேன் எண்ணெயை அடைத்து, பாய்லர் கதவைத் திறந்து, தேங்கியதைச் சாக்கால் துடைத்து, மூடுகிறான். உள்ளிருக்கும் ஆவியை வெளியே தள்ள, பர்னரின் காற்றாடியை மட்டும் ஓடவிடுகிறான். புகைபோக்கியிலிருந்து வெள்ளை ஆவி தேயிலைச் சரிவில் இறங்கி, மெல்ல மெல்லக் குறைகிறது. வாடை போய்விட்டதா, மூக்குக்குப் பழகிவிட்டதா, தெரியவில்லை. எண்ணெயைத் திறந்துவிட்டு, ரெங்கசாமியைக் கதவுக்கு நேரே நிற்கவிடாமல் ஓரமாக இழுத்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிறான். பொறி டிக்டிக்கென்று தட்டுகிறது. டப்பென்று கதவு ஒருமுறை அதிர்கிறது. பார்வைக் கண்ணாடியில் மஞ்சள் தீ நடுங்கி, பிறகு நிலைக்கிறது. ரெங்கசாமியின் கையில் டார்ச் இன்னும் எரிகிறது. சுவரில் அதன் வெளிச்சம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது.