பெருவிரல்

தணிகாசலத்தின் கால் பெருவிரல் நகங்களில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். நீர்க்கடுப்புக்குச் சுண்ணாம்பு தடவுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவர் அதைக் கழுவவே விடவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு என்ஜின் சூடு, வேறொன்றுமில்லை என்பார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனபோதும் சூடுதான். ரத்தம் கலந்து வந்தபோதும் சூடுதான். மனைவி கோமளா அழுது ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். புராஸ்டேட்டாக இருக்கலாம், ரத்தம் எடுக்கவேண்டும், பின்பக்கம் விரல் விட்டும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். தணிகாசலம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"ஒரு ஆம்பளகிட்ட சொல்ற பேச்சாடி இது?"

கோமளா மறுநாளும் சுண்ணாம்பு குழைத்தாள். புற்று முதுகெலும்புவரை ஏறி அவர் படுக்கையில் விழுந்தபிறகு எந்த டாக்டரும் விரல் விட்டுப் பார்க்கக் கேட்கவில்லை. இனி எதற்கு? அப்போதும் அவள் தடவிக்கொண்டுதான் இருந்தாள்.

பிணத்தின் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியவன் தம்பி ஏகாம்பரம். நகத்திலிருந்த சுண்ணாம்பு உதிர்ந்து அவன் கையில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். மேளம் வந்தது, மாலைகள் வந்தன, பாடை கட்டி முடித்தார்கள். எல்லாரும் அவனைத் தேடினார்கள். வெகுநேரம் கழித்து, முகமெல்லாம் வியர்த்து, அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தான். பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கோமளாவிடம் குனிந்தான்.

"அலைச்சல்ல சூடு புடிச்சிக்கிச்சு. சுண்ணாம்பு டப்பா எங்க அண்ணி?"