எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல

கூடத்தில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த மாமனார், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற மருமகள், அவர்களுக்கு எதிரே இன்சூரன்ஸ் சர்வேயர், கதவோரத்தில் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேத்தி சிட்டு. சுவரில், நடுவில் அடி வாங்கி நாலா பக்கமும் விரிசல் ஓடிய டிவி.

"ஏன் பாப்பா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறே?" என்றார் சர்வேயர்.

சிட்டு விரலிடுக்கு வழியாகப் பேசினாள். "தாத்தா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

மருமகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சிட்டுவின் பிறந்தநாளுக்கு வந்த வகுப்புப் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடினார்கள். ஒரு கைப்பிடியை மட்டையைப் போல் பிடித்து வீசி ஆடுகிற டென்னிஸ். மருமகள் அடுப்படியில் கேக்கைத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, யார் கையிலிருந்தோ அந்தக் கைப்பிடி பறந்துபோய்த் திரையில் மோதியது. கூடத்தில் இருந்த ஒரே பெரியவர் மாமனார்தான்.

பிள்ளைகள் கை தவறி உடைத்தால் ஈடு கொடுக்கிற பாலிசி கையில் இருந்தது. இழப்பீட்டுப் படிவத்தில் "பேத்தி கை தவறி உடைத்துவிட்டாள்" என்று எழுதி வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். பாலிசி மாமனார் பேரில். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, "எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது வினை. யார் உடைத்தது என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். டிவியைச் சுவரிலிருந்து கழற்றி முதுகைப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்து அனுப்பினால் வெளிச்சம் போதவில்லை என்றார்கள். மாமனாரைக் கேட்டால், "அதுக்கு மேல கேக்காதேம்மா" என்று ஒரே பதில். பேத்தியைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்குப் புரியாதா என்ன?

"உங்க வீட்டுப் பிள்ளை இல்லேன்னா யாரு சார்?" என்றார் சர்வேயர். "கைப்பிடி தானா றெக்கை முளைச்சுப் பறந்து வந்துதா?"

"மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மருமகள். "நான் படற பாடு போதும்."

பெரியவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். கனைத்துக்கொண்டார். "சரிம்மா. உன் திருப்திக்கு சொல்லிடறேன். அன்னிக்கு கேம் ஆடும்போது..."

டீபாய் மேல் இருந்த சர்வேயரின் போன் அலறியது. திரையில் முன்பல் விழுந்த ஒரு பையன் சிரித்தான். சர்வேயர் எடுத்து, "டியூஷன் விட்டாச்சா? நீயே கூட்டிட்டு வந்துடு. எனக்கு எங்க நேரம்?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்துவிட்டு வைத்தார்.

"ம், சொல்லுங்க சார்."

சிட்டு இன்னொரு கையையும் எடுத்து வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்க வீட்ல உடைஞ்சது" என்றார் பெரியவர் கடைசியில். "எங்க கணக்கிலேயே எழுதிக்குங்க, தம்பி."

"அப்போ பாப்பாதான்னு எழுதிக்கவா?"

"எங்க கணக்கிலேன்னு சொன்னேன்."

மருமகள் பல்லைக் கடித்தாள். இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு நின்றதை முதல் நாளே விட்டுக்கொடுத்திருந்தால் இந்நேரம் புது டிவி வந்திருக்கும்.

சர்வேயர் பேனாவை மூடினார். "தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. ஒரு பொருள்ல கீறல் விழாது. எல்லாம் வளர்க்கிற விதம் சார்."

பெரியவரின் தாடை இறுகியது.

"இன்னொரு விஷயம். வரும்போது தெருவுல விசாரிச்சேன். ஆட்டத்துல தோத்த கோபத்துல பாப்பா வேணும்னே எறிஞ்சதாப் பேசிக்கிறாங்க. வேணும்னு உடைச்சா பாலிசி செல்லாது. அப்படித்தான் நான் ரிப்போர்ட் குடுக்கணும்."

"ஐயோ, என்ன சார் இது!" என்று பதறினாள் மருமகள். "சிட்டு, வாயைத் திறந்து சொல்லுடி, நீ எறிஞ்சியா?"

சிட்டு கையை எடுக்கவில்லை. கண்ணில் மட்டும் நீர் பொலபொலவென்று வழிந்தது. தாத்தாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறுவதாயில்லை.

பெரியவர் எழுந்து நின்றார். பேத்தியிடம் போய், அவள் கைகளை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். பிறகு சர்வேயர் பக்கம் திரும்பினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வீட்டுக்கு வந்த பிள்ளையைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் பொறுத்தேன். தெருவுல பேசிக்கிறது பொய். கோபமும் இல்ல, எறியவும் இல்ல. கை நழுவிப் போச்சு, அவ்வளவுதான்."

"அதான் சார், யார் கை?"

"உங்க போன்ல பல்லு விழுந்து சிரிக்கிறானே, அந்தப் பிள்ளை கை."