பொழுது சாய்ந்தால் தொடாது

"கயித்தை விடுங்க! இது என் மணி!"

மாட்டாஸ்பத்திரி வாசலில் சாந்திநாதன் போட்ட சத்தத்தில், ஊசிக்குக் காத்திருந்த எருமைகூடத் திரும்பிப் பார்த்தது. தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் ஐயங்குளத்தில் நீந்தப் போன நாய் திரும்பி வராமல் நாலு நாளாகிவிட்டதே! தேடாத தெரு இல்லை. அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

"நல்லா இருக்குதே கதை! இது என் ராஜாங்க," என்றார் கயிற்றைப் பிடித்திருந்த வேடியப்பன். கீழ்பென்னாத்தூர் விறகுக்கடைக்காரர். "காதுல சீழ்னு வேன் புடிச்சுக் கூட்டியாந்திருக்கேன்."

நடுவில் நின்ற நாய் இருவருக்கும் சமமாக வாலை ஆட்டியது. செம்பட்டை முடி, நெஞ்சில் வெள்ளைத் திட்டு, நடுவாந்தர உயரம்.

டாக்டர் கோதண்டராமன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அட, ரெட்ரீவர்! இந்த ஜாதி இங்க ஏது?"

"எமர்ஜென்சி வருஷம் ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கிளம்புறப்ப எனக்குக் குட்டியா குடுத்தாங்க டாக்டர்," என்றார் சாந்திநாதன்.

"சார், அப்படியே என் கதையைச் சொல்றார் பாருங்க! அந்தம்மா எனக்குத்தான் குடுத்தாங்க!"

"ஒரு நாயை ரெண்டு பேருக்கா குடுப்பாங்க? இந்த வட்டாரத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும். யாரோ ஒருத்தர் புளுகுறீங்க," என்ற டாக்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "செருப்பை வீசுங்க, பார்ப்போம்."

சாந்திநாதன் வீசினார். நாய் பல் படாமல் கவ்வி வந்து அவர் காலடியில் வைத்தது. வேடியப்பன் வீசியதையும் அப்படியே வைத்தது. வீசாமல் நின்ற கம்பவுண்டரின் செருப்பையும் கொண்டுவந்து வைத்தது.

"சரிதான். திருடன் வந்தாலும் டார்ச்சைக் கவ்விட்டுப் பின்னாலயே போற ஜாதி! சரி, வளக்கிறது எப்படி?"

"தினம் ரெண்டு மணி நேரம் நடக்கணும். இல்லைனா வீட்டையே பிராண்டி வச்சிடும்," என்றார் வேடியப்பன்.

"முடியை வாரி விடணும். தண்ணியில இறங்கினா காதைத் துடைக்கணும்," என்றார் சாந்திநாதன்.

இரண்டுமே சரி. டாக்டர் தலையைச் சொறிந்தார். அதற்குள் தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் சாந்திநாதன் துள்ளினார்.

"டாக்டர்! நாங்க நயினாருங்க, ஜைன மதம். பொழுது சாஞ்சா எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டோம். மணியும் அப்படியே பழகிட்டான். இப்ப சோறு வச்சுப் பாருங்க, தொட்டான்னா நான் பேசாம போயிடறேன்!"

பின்னாலிருந்த டாக்டர் வீட்டிலிருந்து ஒரு தட்டு தயிர்சோறு வந்தது.

வேடியப்பன் பதறினார். "சார், தயிர்சோறா? கறி வாசம் இல்லாம அவன் வாய் வைக்க மாட்டான் சார்!"

"சும்மா இருங்க. இந்த ஜாதிக்குப் பசி ஜாஸ்தி. கல்லைக் குடுத்தாலும் முழுங்கும்!"

தட்டை வைத்தார்கள். நாய் குனிந்தது. மோந்து பார்த்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பார்த்தீங்களா! என் மணி விரதம் தப்ப மாட்டான்!" சாந்திநாதன் அதைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

"பேசுறதுக்கு இன்னும் என்ன இருக்கு?" என்று டாக்டர் கயிற்றை வாங்கி அவரிடம் கொடுத்தார்.

"பெரிய மனுசன் இப்படிப் பண்ணலாமா, நயினாரே?" என்று கேட்டார் வேடியப்பன். வெறும் கையோடு அவர் வேன் ஏறியபோது சாந்திநாதனுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொன்னால் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வழியெல்லாம் நாயிடம் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மனைவி சுனந்தா வாசலுக்கே ஓடி வந்தாள்.

"எங்கங்க போயிட்டீங்க? நம்ம மணி தானாவே திரும்பி வந்துட்டான்! நாலு நாள் பட்டினி போல, பாவம். விளக்கு வச்சதுகூடப் பார்க்காம மூணு தட்டு தயிர்சோத்தைத் தின்னுட்டு உள்ள தூங்குறான்... அது சரி, இது யார் வீட்டு நாய்?"