இருபத்திரண்டு நிறுத்தங்கள்

“2014 ஜூன் 2, திங்கட்கிழமை. கரியா ஆலை, மூன்றாம் வரிசை. ஒன்பது தடவை நின்றது.”

அறிவிப்புப் பலகையில் இருந்ததை வாய்விட்டுப் படித்த ஒகிசோ திரும்பிப் பார்த்தாள். “இதுல எட்டு உங்க கைவரிசை, ஹமஜிமா சான். வரிசையை நிறுத்துற கயிறு அறுந்து விழப்போகுது.”

“விழுந்தா அதுக்கும் ஒரு தடவை நிறுத்துவேன்” என்றார் ஹமஜிமா.

ஜப்பானில் இருந்த அந்த ஆலையின் மூன்றாம் வரிசையில் லாரிகளுக்குப் பக்கக் கண்ணாடி தயாரானது. ஐந்து பேர் வேலை. போன மாதம் பெரிய ஆலை ஒன்றிலிருந்து இசோகாய் என்ற புது மேலாளர் வந்தார். ஸ்டாப்வாட்சும் கையுமாக இரண்டு வாரம் வரிசையோரம் நின்றார். “நாலு பேர் போதும். வெள்ளிக்கிழமை ஒருத்தரை இங்கேர்ந்து எடுத்துடுவேன்” என்றார்.

யாரை என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கண்ணாடியைப் பூட்ட மற்றவர்களுக்கு ஐம்பத்தைந்து நொடி. எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒகிசோவுக்கு அறுபத்து மூன்று. இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கிறவள். பக்கத்து இடத்தில் நின்ற ஹமஜிமாதான் இத்தனை நாளும் கையை நீட்டி அவளுடைய கடைசித் திருகாணியை முடுக்கிக்கொடுத்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவரை மறுபடி அழைத்து வைத்திருந்தார்கள். மிகவா குடாவில் மீன் பிடிக்கத் தூண்டில் எப்போதும் காரிலேயே கிடந்தது. போவது நானாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். ஆனால் ஒகிசோவைவிட மோசம் என்று பெயர் எடுப்பது எப்படி?

தலைக்கு மேல் கயிறு தொங்கியது. இழுத்தால் வரிசை நின்றுவிடும், பாட்டு ஒலிக்கும், ஆலையே திரும்பிப் பார்க்கும். திங்கட்கிழமை காலையிலிருந்து இழுக்கத் தொடங்கினார்.

செவ்வாயன்று பாட்டு கேட்டு இசோகாயே ஓடி வந்தார்.

“என்ன ஆச்சு?”

“திருகாணி விழுந்துருச்சு.”

“ஏன் விழுந்துச்சு?”

“கை தவறிருச்சு.”

“ஏன் தவறுச்சு?”

இசோகாய் ஒரு ‘ஏன்’னோடு விடுகிறவர் இல்லை, ஐந்து கேட்பார். நான்காவதில் ஹமஜிமாவிடம் பொய் தீர்ந்துவிட்டது. “பெட்டி தள்ளி இருக்கு, எட்டி எடுக்க வேண்டியிருக்கு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

மதியத்துக்குள் பெட்டி முழங்கை அருகே வந்துவிட்டது.

ஹமஜிமா சுருள்கம்பியைத் தலைகீழாக வைத்தார். தலைகீழாக வைக்கவே முடியாத தட்டு ஒன்று வந்தது. கண் கூசுகிறது என்றார். விளக்கு இடம் மாறியது. புதன்கிழமைக்குள் சாக்குக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டில் ஒகிசோ கேட்டாள். “வேணும்னே பண்றீங்களா?”

“வயசாச்சும்மா.”

“முப்பத்தெட்டு வருஷமா வராத வயசு, இந்த வாரம் பஸ் பிடிச்சு வந்துச்சாக்கும்.” தன் டப்பாவிலிருந்து ஒரு பொரித்த இறாலை எடுத்து அவர் சோற்றின்மேல் வைத்தாள். “பாத்து. ரொம்பக் கயிறை இழுத்தா மாட்டிக்குவீங்க.”

மாட்டிக்கொள்ளத்தானே இழுக்கிறேன் என்று நினைத்தபடி அவர் இறாலைச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பேரும் பலகை முன்னால் நின்றார்கள்.

“இந்த வாரம் இருபத்தாறு நிறுத்தம்” என்றார் இசோகாய். “அதுல இருபத்திரண்டு ஹமஜிமா சான். நீங்கதான் வரிசையை விட்டு வர்றீங்க.”

ஹமஜிமா இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். “ரொம்ப நன்றி. திங்கக்கிழமை கடலுக்குப் போயிடுவேன்.”

“கடலுக்கா? மாடிக்கு வாங்க. வயசானவங்க ஓட்டுற சின்ன மின்வண்டிக்குப் புதுசா ஒரு கண்ணாடி பண்ணணும். ஆள் இல்லாம ஆறு மாசமா அந்த அறை பூட்டிக் கிடக்கு. வரிசையில ஒரு ஆள் மிச்சமானா, இருக்கிறதிலேயே கெட்டிக்காரரைத்தான் எடுப்பேன். சுமாரான ஆளை வச்சுப் புதுசா என்ன பண்ண முடியும்? ஒரே வாரத்துல இத்தனை குறை கண்டுபிடிச்சீங்க. இப்ப இங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஐம்பது நொடிக்குள்ள முடிக்கிறாங்க. என்ன, மாடியில வேலை முடிய ராத்திரி எட்டு மணி ஆயிடும்.”

மற்றவர்கள் கைதட்டினார்கள். ஹமஜிமாவுக்குக் காது சிவந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தவர் சரி என்று தலையாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை தன் கருவிப்பெட்டியை எடுக்க வரிசைக்கு வந்தார்.

“ஒகிசோ சான், இனிமே உங்க கடைசித் திருகாணியை யார் முடுக்குவாங்க?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இசோகாயும் இல்லை, ஸ்டாப்வாட்சும் இல்லை.

“முன்னாடி நான் இருந்த ஆலையிலயும் கெட்டிக்காரரை எடுக்கிற இதே வழக்கம்தான். அங்க என்னை மாடிக்கு எடுத்துட்டாங்க. குழந்தைங்க காப்பகத்தை ஆறு மணிக்கு மூடிடுவாங்க, ஹமஜிமா சான். அதான் வேலையை விட்டுட்டு இங்க வந்தேன்.”

பேசிக்கொண்டே அவள் அடுத்த கண்ணாடியை எடுத்துப் பூட்டி, கடைசித் திருகாணியையும் முடுக்கி நகர்த்தினாள். நாற்பத்தோரு நொடி ஆகியிருந்தது.