முதல் கையெழுத்து

மரத்தை வெட்டச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்தே பாப்பாவின் அம்மாவுடையதுதான் என்று கேள்விப்பட்டதும் இரண்டாம் மாடி டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாப்பாவுக்கு வயது முப்பத்திரண்டு. பேச்சு வராது. மிக்ஸி ஓடினாலும், லிஃப்ட் கதவு சாத்தினாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வாள். கீழே கேட் ஓரம் நிற்கும் அந்த மரத்தடிக்கு வந்தால் மட்டும் கை தானாகக் காதைவிட்டு இறங்கும். பட்டையில் கன்னத்தை ஒட்டவைத்து, அதன் வெடிப்புகளில் விரலை ஓட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். எறும்பு ஏறினாலும் தட்டிவிட மாட்டாள்.

காரின் மேல் இலை கொட்டுகிறது, வேர் குழாயை உடைக்கிறது என்று அசோசியேஷன் செயலாளர் ஐந்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் "முதல்ல என்னை வெட்டுங்க" என்று குறுக்கே நின்றவளே அம்மாதான். இப்போது அவளே கையெழுத்துப் போட்டதில் செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

சனிக்கிழமை காலை ரம்பத்தோடு ஆள் வந்தாயிற்று. இன்று ஒரு நாள் பாப்பாவைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை.

"வேண்டாம் டீச்சர். அவ பார்க்கட்டும்."

பால்கனியில் மகளைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். முதல் கிளை விழுந்ததும் பாப்பா போட்ட அலறல், ரம்பத்தின் சத்தத்தையும் மீறித் தெருக்கோடி வரை கேட்டது. பெற்ற வயிறா இது என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சாயங்காலம் மாடியேறினாள். கதவு திறந்தே கிடந்தது.

பாப்பா சுவரோரம் சுருண்டிருந்தாள். கனத்த போர்வையால் அவளைச் சுற்றி, அம்மா தன் பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கி அணைத்திருந்தாள். விம்மல் இன்னும் அடங்கவில்லை. குளிருக்கென்று சொல்லி இரண்டு மாதமாக அம்மா கட்டியிருந்த தலைத்துணி நழுவிக் கிடந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

கேட்க வந்ததை விட்டுவிட்டு டீச்சர் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எப்படிக்கா மனசு வந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த மாசம் இவளைக் காப்பகத்துல விடணும். அதுக்கு மேல எனக்கு நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஏழு இடம் அலைஞ்சேன், இவளைச் சேர்த்துக்கறேன்னு சொன்னது அது ஒண்ணுதான். அங்க பூரா சிமெண்ட் தரை டீச்சர், ஒரு செடிகூட கிடையாது. கத்தினா ஊசி போட்டுப் படுக்க வெச்சிடுவாங்களாம்."

மகள் உதறினாள். அம்மா போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மரமும் நானும் ஒரே நாள்ல இல்லாமப் போனா இவ தாங்க மாட்டா. பிடிச்சுக்க நான் இருக்கும்போதே மரம் போயிடட்டும்னுதான்."